வெறுப்புக் குற்றத்துக்குத் தனிச் சட்டம்: எந்த வழி எங்கே நிற்கும், எங்கே விழும்?

மேலூர், உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் சாதியைச் சொல்லித் திட்டினார்கள், அடித்தார்கள் என்று ஸ்டேஷனுக்குப் போகும் எந்தப் புகாருக்கும் ஊரில் ஒரே பெயர்தான்: 'பிசிஆர் கேஸ்'. பிசிஆர் என்பது 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம். அதன் வேலையில் பெரும்பகுதியை 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எடுத்துக்கொண்டது. அது நடைமுறைக்கு வந்தது 1990 ஜனவரி 30. முப்பத்தைந்து ஆண்டு கழிந்தும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயர் மட்டுமா? இந்தச் சட்டம் எதற்கு என்பதைப் பற்றிய பழைய குழப்பமும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டிய வேளை வந்துவிட்டது. 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு ஆணவக்கொலைக்குத் தனிச் சட்டம் பரிந்துரைக்க ஓய்வு பெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் கர்நாடகச் சட்டமன்றம் வெறுப்புப் பேச்சு, வெறுப்புக் குற்றத் தடுப்பு மசோதாவை நிறைவேற்றியது. 'தனிச் சட்டம் வேண்டும்', 'வேண்டாம்' என்று மேடையில் முழங்குவது சுலபம். எந்தப் பிரிவு, எந்தச் சொல், யார் மேல் என்ன கடமை என்று எழுதிக் கொடுக்கச் சொன்னால்தான் கை தயங்கும். இந்த ஒப்பீடு அப்படி எழுதிக் கொடுக்க உட்காருகிறவர்களுக்காக.

ஒரே சம்பவத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியாகப் போகலாம். கொட்டாம்பட்டிச் சாலையில் ஒரு டீக்கடை. காலை ஏழு மணி. பட்டியல் சாதி இளைஞர் ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டு பெஞ்சில் உட்காருகிறார். அதே ஊர் ஆதிக்கச் சாதிக்காரர் ஒருவர் சாதிப் பெயரைச் சொல்லி எழுந்திருக்கச் சொல்கிறார், கன்னத்தில் அறைகிறார், 'இனி இந்தப் பக்கம் வந்தால் தலை இருக்காது' என்கிறார். கற்பனைச் சம்பவம்தான். ஆனால் இப்படி நடக்காது என்று சொல்ல இந்த வட்டாரத்தில் ஆள் கிடைக்க மாட்டார்கள்.

பொதுச் சட்டமே போதும் என்றால்

2024 ஜூலை 1-க்கு முன்பு என்றால் எஃப்.ஐ.ஆரில் 294(பி), 323, 506(2) என்று விழும். தமிழ்நாட்டு ஸ்டேஷன்களில் இந்த மூன்றும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள். இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 296(பி), 115(2), 351(3) ஆகிவிட்டன. ஆபாசப் பேச்சுக்கு மூன்று மாதம் வரை. அடித்துக் காயப்படுத்தியதற்கு ஓராண்டு வரை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம். கொலை மிரட்டலுக்கு ஏழாண்டு வரை. வரப்புத் தகராறில் இரண்டு பங்காளிகள் அடித்துக்கொண்டாலும் இதே மூன்று பிரிவுதான். காகிதத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

பெரும்பாலும் எஃப்.ஐ.ஆர் வரைக்கும்கூடப் போகாது. சி.எஸ்.ஆர் ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து, 'சாயங்காலம் இரண்டு பேரும் வாங்க, பேசி முடிச்சுக்கலாம்' என்பார்கள். சி.எஸ்.ஆர் என்பது புகார் வாங்கியதற்கான அத்தாட்சி மட்டுமே. அதை வைத்து வழக்கு நடக்காது. இது தெரியாமல் ரசீதைப் பத்திரமாக மடித்து வைத்திருக்கிறவர்கள் எத்தனையோ பேர்.

இந்த வழியை ஆதரிக்கிறவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. ஒரே அடிக்கு ஒரே தண்டனை. அடித்தவன் மனசுக்குள் என்ன நினைத்தான் என்று நீதிமன்றம் துருவ வேண்டாம். கொலை என்று வந்துவிட்டால் இந்த வாதம் இன்னும் வலுக்கும். கொலைக்கு ஏற்கெனவே ஆயுள் அல்லது தூக்கு. அதற்கு மேல் எதைக் கூட்டுவது?

மதுரை மாவட்டத்து மேலவளவு இதற்கு நல்ல உரைகல். 1997 ஜூன் 30 அன்று பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர் முருகேசன் உட்பட ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். வழக்கு சேலத்துக்கு மாற்றப்பட்டது. 2001-இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. மேல்முறையீடுகளைத் தாண்டியும் அது நின்றது. பிறகு 2008-இல் மூன்று பேரும், எம்.ஜி.ஆர் நூற்றாண்டை ஒட்டி 2019-இல் 13 பேரும் முன்கூட்டியே வெளியே வந்தார்கள். ஆக, தண்டனையின் அளவு அங்கே பிரச்சினையாகவே இருக்கவில்லை. கொலைக்கு முன்பு மிரட்டல் இருந்தது, தேர்தல் தடைபட்டது, பாதுகாப்பு போதவில்லை. தீர்ப்புக்குப் பின்னால் விடுதலை உத்தரவு வந்தபோது பாதிக்கப்பட்ட குடும்பங்களை யாரும் கேட்கவில்லை. ஓட்டை முன்னாலும் பின்னாலும் இருந்தது; நடுவில் இல்லை.

பொதுச் சட்டம் உண்மையில் தோற்கிற இடம் சின்னக் குற்றங்கள். குடிநீரை அசுத்தப்படுத்தினால் பழைய தண்டனைச் சட்டம் 277-ஆம் பிரிவில் மூன்று மாதம் அல்லது 500 ரூபாய் அபராதம். புதிய சட்டத்தின் 279-இல் ஆறு மாதம் அல்லது 5,000 ரூபாய். யாரோ பொறுப்பில்லாமல் ஊருணியில் சாணி கழுவியதற்கும், காலனிக்குப் போகும் தொட்டியில் வேண்டுமென்றே மலம் கலந்ததற்கும் இதே பிரிவுதான். இரண்டாவது செயலின் சேதம் தண்ணீரோடு முடிவதில்லை. 'உங்கள் இடம் இதுதான்' என்று ஒரு தெருவுக்கே அனுப்பிய செய்தி அது. கன்னத்தில் விழுந்த அறையும் அப்படித்தான்: வலி ஒருவருக்கு, எச்சரிக்கை நூறு பேருக்கு. அந்த நூறு பேரின் கணக்கைப் பொதுச் சட்டம் எடுப்பதே இல்லை.

புதிய சட்டத்தில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 103(2): ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் கூட்டாகச் சேர்ந்து இனம், சாதி, சமூகம், பால், பிறந்த இடம், மொழி, தனிப்பட்ட நம்பிக்கை போன்ற காரணத்துக்காகக் கொலை செய்தால் தூக்கு அல்லது ஆயுள். கொடுங்காயம் என்றால் 117(4), ஏழாண்டு வரை. மதம் என்ற சொல் அந்தப் பட்டியலில் நேரடியாக இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஐந்து பேர் என்ற கணக்கும் இடிக்கும். ஆணவக்கொலையை அப்பாவும் அண்ணனும் ஒரு கூலியாளும் சேர்ந்தே முடித்துவிடுகிறார்கள்.

தண்டனையை மட்டும் கூட்டும் வழி

இங்கிலாந்தில் இருப்பது இது. 1998-இல் இன வெறுப்பு கலந்த தாக்குதல்களுக்குத் தனிப் பிரிவுகள் வந்தன. 2020-ஆம் ஆண்டின் தண்டனை விதிப்புச் சட்டம் 66-ஆம் பிரிவு, இனம், மதம், மாற்றுத்திறன், பாலியல் நாட்டம், திருநர் அடையாளம் ஆகியவற்றின் மீதான பகைமை குற்றத்தில் இருந்தால் நீதிபதி அதைக் கடுமை கூட்டும் காரணமாகக் கொள்ள வேண்டும், அதை நீதிமன்றத்தில் வெளிப்படையாகச் சொல்லவும் வேண்டும் என்கிறது. அந்த வெளிப்படையாகச் சொல்லும் கடமை எளிய ஏற்பாடு, நல்ல ஏற்பாடு. நம் ஊர்த் தீர்ப்புகளில் சாதி என்ற சொல்லே வராமல் முடிவதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இந்த வழியின் கவர்ச்சி, எல்லாருக்கும் பொருந்துவது. பட்டியல் சாதி, சிறுபான்மை மதம், திருநங்கை, வடமாநிலத் தொழிலாளி என்று யார் அடிபட்டாலும் ஒரே விதி. ஆனால் இரண்டு இடத்தில் சறுக்கும்.

முதலாவது, நோக்கத்தை நிரூபிப்பது. நம் நாட்டிலேயே இதைப் பரீட்சித்துப் பார்த்தாகிவிட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(வி) பிரிவு, பத்தாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றத்தைப் பட்டியல் சாதியினர் மீது செய்தால் ஆயுள் என்கிறது. 2016-க்கு முன்பு அதன் வாசகம், பாதிக்கப்பட்டவர் அந்தச் சாதி 'என்ற காரணத்தால்' குற்றம் நடந்திருக்க வேண்டும் என்றது. வழக்கு மேலே போகப் போக இந்தச் சொல்லில்தான் விழுந்தது. 2019-இல் மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில், கொல்லப்பட்டவர் பட்டியல் சாதி என்பதாலேயே கொலை நடந்ததற்குச் சாட்சியம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை நீக்கியது. 2021-இல் ஆந்திர வழக்கு; பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண் மீது பாலியல் வன்கொடுமை. ஆயுள் தண்டனை நின்றது, வன்கொடுமைப் பிரிவு நிற்கவில்லை. ஆனாலும் சாதி மட்டுமே ஒற்றைக் காரணமாக இருக்க வேண்டியதில்லை, பல காரணங்களில் ஒன்றாக இருந்தாலும் போதும் என்று அந்தத் தீர்ப்பு எழுதிவைத்தது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் 'காரணத்தால்' என்பதை எடுத்துவிட்டு 'என்று தெரிந்தே' என்று மாற்றியது. கூடவே 8(சி): குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் பாதிக்கப்பட்டவரையோ குடும்பத்தையோ நேரில் தெரியும் என்றால், சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் கொள்ளும், இல்லையென்று காட்டுவது எதிரியின் பொறுப்பு. ஒரே ஊர்க்காரர் 'எனக்கு அவர் சாதி தெரியாது' என்று சொல்லும் வேடிக்கை இதோடு முடிந்தது.

எனவே நோக்கத்தை முழுவதும் நிரூபிக்கச் சொல்லும் எந்தப் புதுச் சட்டமும் 2016-க்கு முன்பு நாம் இருந்த இடத்துக்கே திரும்பிப் போகும்.

இரண்டாவது சறுக்கல், சமன் செய்யும் ஆபத்து. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1993-இல் தண்டனை கூட்டும் சட்டம் செல்லும் என்றது விஸ்கான்சின் மாநில வழக்கில். அதில் அடிபட்டது வெள்ளை இளைஞன், தண்டிக்கப்பட்டவர் கறுப்பர். இரண்டாண்டு போயிருக்க வேண்டிய தண்டனை நான்காண்டு ஆனது. சட்டப்படி அதில் தவறில்லை. ஆனால் பொதுவாக எழுதப்பட்ட கத்தி எந்தப் பக்கம் முதலில் வெட்டும் என்பதற்கு அது அடையாளம். மதுரைப் பக்கம் இதற்குப் பெயர் கவுண்டர் கேஸ், அதாவது எதிர் வழக்கு. அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதே அடித்தவர் தரப்பும் சேர்க்கை போட்டுப் புகார் கொடுத்துவிடும். இரண்டு எஃப்.ஐ.ஆரும் அடுத்தடுத்த எண்ணில் நிற்கும். பிறகு சமாதானக் கூட்டம், 'நீ வாபஸ் வாங்கு, நானும் வாங்குகிறேன்'. சாதி வெறுப்பு என்ற கூடுதல் பிரிவு இரண்டு பக்கமும் போட முடியும் என்றால், இந்தப் பேரத்துக்கு இன்னொரு காய் கிடைத்ததாகத்தான் ஆகும்.

பட்டியலும் கடமையும்: வன்கொடுமைச் சட்டத்தின் வழி

இந்தச் சட்டத்தைக் கடுமையான தண்டனைச் சட்டம் என்று நினைப்பவர்கள் 3(2)(விஏ) பிரிவை ஒருமுறை படிக்க வேண்டும். இணைப்புப் பட்டியலில் உள்ள குற்றங்களை, சாதாரணக் காயம் உட்பட, சாதி தெரிந்தே செய்தால் தண்டனைச் சட்டத்தில் உள்ள அதே தண்டனை, கூடவே அபராதம். சிறையில் ஒரு நாள்கூடக் கூடுதல் இல்லை. பின்னே எதற்கு அந்தப் பிரிவு? அதைப் போட்டவுடன் வழக்கின் தடமே மாறுகிறது. விசாரிப்பது டி.எஸ்.பி நிலைக்குக் குறையாத அதிகாரி. குற்றப்பத்திரிகைக்கு 60 நாள். முன்ஜாமீன் கிடையாது. சிறப்பு நீதிமன்றம். நிவாரணத் தொகை. ஒவ்வொரு ஜாமீன் மனுவுக்கும் பாதிக்கப்பட்டவருக்கு நோட்டீஸ். இந்தச் சட்டத்தின் நியாயம் இங்கேதான் இருக்கிறது. சிறைக் காலத்தை நீட்டியதைவிட, அசையாமல் உட்கார்ந்திருந்த அலுவலகங்களை அசைய வைத்ததுதான் அது செய்த காரியம்.

டீக்கடைக்குத் திரும்புவோம். இந்தச் சட்டத்தில் 3(1)(ஆர்), பொதுப் பார்வையில் படும் இடத்தில் வேண்டுமென்றே அவமதிப்பது. 3(1)(எஸ்), சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது. குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் ஐந்தாண்டு. 'பொதுப் பார்வை' என்ற சொல்தான் கழுத்தைப் பிடிக்கும். நாலு சுவருக்குள் வேறு யாரும் இல்லாமல் திட்டினால் இந்தப் பிரிவு வராது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில், லால்குடிப் பக்கத்து வழக்கு ஒன்றில், அலுவலக அறைக்குள் நடந்ததாகச் சொன்னதும் அதே காரணத்தால் ரத்தானது. டீக்கடை பெஞ்ச் நிற்கும். ஆனால் புகாரில் எழுதினால்தான் நிற்கும்.

புகார் எழுதும்போது விழும் ஓட்டைகள் ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான். 'சாதியைச் சொல்லி இழிவாகத் திட்டினார்' என்று நாகரிகமாக எழுதுவது முதல் தவறு. என்ன சொல் சொன்னாரோ அதை அப்படியே எழுத வேண்டும், கூச்சம் பார்க்கக் கூடாது. எத்தனை மணி, எந்தக் கடை, யார் யார் கேட்கும் தூரத்தில் இருந்தார்கள், அவர்களில் உறவினர் அல்லாதவர் யார் என்பதும் வேண்டும். எதிரியின் சாதி தெரிந்தால் அதையும் சேர்க்க வேண்டும், ஏனென்றால் எதிரி பட்டியல் சாதியாகவோ பழங்குடியாகவோ இருந்தால் இந்தச் சட்டமே வராது. வீங்கிய கன்னத்தோடு நேரே ஸ்டேஷனுக்குப் போய் மணிக்கணக்கில் காத்திருப்பதைவிட, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர் காப்பியில், 'தெரிந்த நபர் கையால் தாக்கியதாகக் கூறுகிறார்' என்று பதிவு வாங்குவது வழக்குக்கு முதுகெலும்பு. கடைக்காரர் போனில் எடுத்த வீடியோ இருந்தால், வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த பிரதி போதாது. எடுத்த போனும், புதிய சாட்சியச் சட்டம் 63(4)-இன் கீழ் சான்றும் தேவை. சாதிச் சான்றிதழ் நகலைப் புகாரோடே இணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் தாசில்தாருக்குக் கடிதம் எழுதினோம், பதில் வரவில்லை என்ற சாக்கில் 60 நாள் கடந்துவிடும்.

ஸ்டேஷன் வாங்க மறுத்தால், புதிய நடைமுறைச் சட்டத்தின் 173(4)-இன்படி எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்பலாம். அங்கும் அசைவில்லை என்றால் நீதிமன்றம். அனுப்பிய பதிவுத் தபால் ரசீது பின்னால் பேசும். வன்கொடுமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, புகாரை வாசித்துக் காட்டாத, பதியாத, நகல் தராத அதிகாரிக்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது. படிக்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தக் குற்றச்சாட்டைப் பதிய நிர்வாக விசாரணையின் பரிந்துரை முதலில் வேண்டும் என்று ஒரு பூட்டும் தொங்குகிறது. சாவி அதே நிர்வாகத்திடம்.

டி.எஸ்.பி விசாரிக்க வேண்டிய வழக்கை இன்ஸ்பெக்டர் விசாரித்துக் கையெழுத்தை மட்டும் மேலே வாங்கிவிடுவது இன்னொரு நோய். தகுதியில்லாத அதிகாரி விசாரித்தால் வன்கொடுமைப் பிரிவுகள் நிற்காது, மற்றப் பிரிவுகள் மட்டும் தொடரலாம் என்று 2009-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குறுக்கு விசாரணையில் எதிர்த் தரப்பு வக்கீல் முதலில் கேட்பது இதைத்தான்.

நிவாரணக் கணக்கு 1995 விதிகளில், 2016-இல் திருத்தப்பட்டபடி இருக்கிறது. டீக்கடை மாதிரி அவமதிப்புக்கு 1 லட்சம் ரூபாய்: எஃப்.ஐ.ஆர் பதிந்ததும் 25 சதவீதம், குற்றப்பத்திரிகை போனதும் 50, தண்டனை கிடைத்தால் மீதி 25. கொலைக்கு 8.25 லட்சம்: பிரேதப் பரிசோதனைக்குப் பின் பாதி, குற்றப்பத்திரிகைக்குப் பின் பாதி, கூடவே ஓய்வூதியம், குடும்பத்தில் ஒருவருக்கு வேலை போன்றவை. இது மத்திய விதியின் அளவு; மாநிலம் இதற்கு மேலும் கொடுக்கலாம். 'பணத்துக்காகப் போடுகிறார்கள்' என்ற பேச்சு இங்கிருந்துதான் கிளம்புகிறது. சாட்சி சொல்லப் போகிற கூலித் தொழிலாளிக்கு வயலில் வேலை நின்றுவிடும், கடையில் கடன் நின்றுவிடும் என்பது அந்தப் பேச்சில் வராது. நிவாரணம் என்பது வழக்கு முடியும்வரை தாக்குப்பிடிக்கக் கொடுக்கும் கஞ்சிக்காசு.

பொய் வழக்கு வாதத்தையும் நேராகப் பார்த்துவிடலாம். 2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றம், இந்தச் சட்டத்தில் கைதுக்கு முன் மேலதிகாரி அனுமதி, வழக்குக்கு முன் முதல்கட்ட விசாரணை என்று நிபந்தனை போட்டது. ஏப்ரல் 2-இல் நாடு முழுக்கப் போராட்டம். நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்து அந்த நிபந்தனைகளை நீக்கியது. 2019 அக்டோபரில் நீதிமன்றமே தன் உத்தரவைத் திரும்பப் பெற்றது. 2020 பிப்ரவரியில் 18ஏ செல்லும் என்றது. அதே சமயம், புகாரைப் படித்தாலே குற்றம் தெரியவில்லை என்றால் முன்ஜாமீன் கேட்கலாம் என்ற வாசலும் திறந்தே இருக்கிறது. பொய்ப் புகாருக்கு மருந்து அங்கே உண்டு. விடுதலையான வழக்கையெல்லாம் பொய் வழக்கு என்று எண்ணுவது மட்டும் தப்புக் கணக்கு. சாட்சி பிறழ்ந்ததும், டி.எஸ்.பி விசாரிக்காததும், 60 நாள் 600 நாளானதும் அதே விடுதலைக் கணக்கில்தான் சேர்கின்றன.

மனசில் நினைத்ததைத் தண்டிக்கலாமா என்ற பெரிய கேள்விக்கு இந்தச் சட்டத்தின் பட்டியலே பதில். 3(1)-இல் உள்ளவை எண்ணங்கள் இல்லை, கண்ணால் பார்க்கக்கூடிய செயல்கள்: வேட்புமனு போட விடாமல் தடுப்பது, ஊராட்சித் தலைவரை வேலை செய்ய விடாமல் மறிப்பது, பொதுப் பாதையிலும் சுடுகாட்டிலும் மறிப்பது, தெருவில் செருப்புப் போடவோ பைக் ஓட்டவோ விடாமல் தடுப்பது, கல்யாண ஊர்வலத்தை நிறுத்துவது. மேலவளவையும், பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்டதால் 1996 முதல் 2006 வரை தேர்தல் முறையாக நடக்க முடியாத பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தையும் அறிந்தவர்களுக்கு இந்த வரிகள் வானத்திலிருந்து விழுந்தவையாகத் தெரியாது. வரதட்சணைச் சாவுக்குத் தனிப் பிரிவு வைத்தபோது எண்ணத்தைத் தண்டிக்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லையே.

ஆனாலும் பாப்பாபட்டியில் 2006 அக்டோபரில் தேர்தல் நடந்தது யாரையும் சிறைக்கு அனுப்பியதால் அல்ல. மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராக உட்கார்ந்து பேசியதால். உத்தப்புரத்தில் 1989 முதல் நின்ற தீண்டாமைச் சுவரில் 2008 மே 6 அன்று வாசல் திறந்ததும் அரசு எந்திரம் வந்து இடித்ததால்தான். சட்டம் எட்டாத தூரம் இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்வதில் குறைவில்லை.

எட்டிய தூரத்துக்கும் உதாரணம் உண்டு. 2018 மே 28 இரவு சிவகங்கை மாவட்டம் கச்சநத்தத்தில் மூன்று பேரின் உயிரைக் குடித்த தாக்குதலில், சிவகங்கை சிறப்பு நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் 27 பேருக்கு ஆயுள் விதித்தது. 2015-இல் திருச்செங்கோடு கோயிலிலிருந்து கடத்திக் கொல்லப்பட்ட பொறியியல் பட்டதாரியின் வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்டு, 2022 மார்ச்சில் 10 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. முக்கியச் சாட்சி பிறழ்ந்த பிறகும் கோயில் கேமராப் பதிவு வழக்கைத் தூக்கிப் பிடித்தது. ஊர் மாற்றம், சிறப்பு அரசு வழக்கறிஞர், பாதிக்கப்பட்ட தாயின் தொடர் தலையீடு: மூன்றும் நடைமுறை சார்ந்தவை. குற்றப்பத்திரிகையிலிருந்து இரண்டு மாதத்தில் விசாரணை முடிய வேண்டும் என்கிறது வன்கொடுமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு. சம்பவத்திலிருந்து தீர்ப்பு வரை முதல் வழக்கு நான்காண்டு, இரண்டாவது ஏழாண்டு.

ஆணவக்கொலைக்குத் தனிச் சட்டம்

இதற்கான தேவை, மேலே சொன்ன சட்டத்தின் எல்லையிலேயே இருக்கிறது. கொன்றவரும் கொல்லப்பட்டவரும் பிற்படுத்தப்பட்ட இரண்டு சாதிகள் என்றால் வன்கொடுமைச் சட்டம் வராது. இரண்டு பட்டியல் சாதிகள் என்றாலும் வராது. சொந்த மகளையே கொன்ற தகப்பன் மேல் வராது. கிறித்துவராக மாறிய குடும்பம் என்றால் 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி போய்விடுகிறது. ஊர் பார்க்கும் சாதி மட்டும் போவதில்லை. குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த வேங்கைவயல் வழக்கில், அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவரை சிபிசிஐடி 2025 ஜனவரியில் குற்றஞ்சாட்டியதும் (அவர்கள் தரப்பு அதை மறுக்கிறது), எதிரிகளும் பட்டியல் சாதி என்பதால் வழக்கு சிறப்பு நீதிமன்றத்தை விட்டு வெளியே போனதைப் பார்த்தோம். இந்தச் சட்டத்தின் கதவு யார் எதிரி என்பதைப் பொறுத்துத் திறக்கிறது.

புதுச் சட்டத்தில் 'கொலைக்கு ஆயுள்' என்று மறுபடி எழுதுவது வீண். 2019-இல் ராஜஸ்தான் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவின் தலைப்புச் செய்தி தூக்குத் தண்டனை. அதைவிடப் பயனுள்ள மாதிரி, சட்ட ஆணையம் 2012-இல் தன் 242-ஆவது அறிக்கையில் வரைந்தது: திருமணத்தைக் கண்டிக்கக் கூடும் கூட்டத்தையே குற்றமாக்குவது. ஆணவக்கொலை பெரும்பாலும் கொலையில் தொடங்குவதில்லை. பெண்ணின் போனைப் பிடுங்குவது, வீட்டில் அடைப்பது, பையன் வீட்டுக்கு ஆள் அனுப்புவது, ஊர்க்கூட்டம், 'பேசி அனுப்பிவைக்கிறோம்' என்று ஸ்டேஷனிலேயே பெற்றோர் கையில் ஒப்படைப்பது. அந்தக் கடைசிப் படியில்தான் பல உயிர் போயிருக்கிறது.

உசிலம்பட்டிப் பெண் ஒருவரின் மரணத்தை ஒட்டிய வழக்கில், 2016 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் மாவட்டந்தோறும் தனிப்பிரிவு அமைக்கச் சொன்னது: எஸ்.பி., சமூகநல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் மூவரும் அதில். 24 மணி நேரத் தொலைபேசி. 2018 மார்ச் 27-இல் உச்ச நீதிமன்றமும் சக்தி வாகினி வழக்கில் பாதுகாப்பு இல்லம், கூட்டத்தைத் தடுப்பது, தவறிய அதிகாரி மீது நடவடிக்கை என்று நீண்ட கட்டளை போட்டது. உத்தரவுகள் எல்லாம் இருக்கின்றன. அவை மீறப்பட்டால் என்ன என்பதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை. புதுச் சட்டத்தின் வேலை அதுதான்.

பேச்சைத் தண்டிக்கும் சட்டம்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம்: வேண்டாம். சமூகங்களுக்கிடையே பகை மூட்டினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவில் மூன்றாண்டு, வழிபாட்டிடத்தில் என்றால் ஐந்தாண்டு ஏற்கெனவே இருக்கிறது. மத உணர்வைப் புண்படுத்தினால் 299. புகார் வராவிட்டாலும் தானாகவே வழக்குப் பதிய வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் சொல்லியாகிவிட்டது. நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள அரசின் முன் அனுமதி வேண்டும் என்பதால் ஆளுங்கட்சிக்கு வேண்டியவர் மேல் 196 நகராது, வேண்டாதவர் மேல் ஓடும். கர்நாடக மசோதா ஓராண்டு முதல் ஏழாண்டு வரை என்கிறது. தண்டனை கூடக் கூட அந்த அனுமதியின் விலைதான் கூடும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததற்குக் காரணமான தெளிவற்ற சொற்கள் வேறு வடிவில் திரும்ப வரும். 2025 பிப்ரவரியில் திருப்பரங்குன்றம் மலைப் பிரச்சினை கொதித்தபோது, உயர் நீதிமன்றம் பழங்காநத்தத்தில் நிபந்தனையோடு ஆர்ப்பாட்டத்துக்கு அனுமதி கொடுத்தது. அந்த மாதிரி இடம், நேரம், நிபந்தனை என்று கட்டுப்படுத்துவது, பேசிய பின் பல ஆண்டு வழக்கு நடத்துவதைவிட உடனே பலன் தரும்.

எதைக் கேட்பது

பாஷா ஆணையத்துக்கு மனு எழுதுகிறவர்கள் தண்டனைப் பத்தியை ஒரு வரியில் முடித்துவிட்டு மீதி இடத்தைக் கடமைகளுக்கு ஒதுக்கலாம். காதலித்தோ கலந்தோ மணந்த வயது வந்தவர்களை ஸ்டேஷனில் பெற்றோரிடம் ஒப்படைப்பதைக் குற்றமாக்கும் பிரிவு. பாதுகாப்பு கேட்டு வந்த மனுவுக்கு 24 மணி நேரத்தில் எழுத்தில் பதில். கொலைக்கு முந்திய மிரட்டலுக்கே டி.எஸ்.பி விசாரணை. தவறிய அதிகாரி மேல் வழக்குப் பதிய நிர்வாகப் பரிந்துரை தேவையில்லை, சிறப்பு நீதிமன்றமே நேரடியாக எடுக்கலாம் என்ற விதி. சாட்சி வாக்குமூலத்தை நடுவர் முன்னால் முதல் வாரத்திலேயே வீடியோவில் பதிவது. எதிரியின் சாதி எதுவானாலும் இவை பொருந்தும் என்று வெளிப்படையாக எழுதுவது. வன்கொடுமைச் சட்டம் பொருந்தும் இடத்தில் அதன் பிரிவுகளும் கூடவே வரும், எந்த வகையிலும் குறையாது என்று ஒரு வரி சேர்ப்பது. 2019-ஆம் ஆண்டின் திருநர் சட்டம் பாலியல் வன்முறைக்கு வெறும் ஆறு மாதம் முதல் இரண்டாண்டு என்று எழுதி, தனிச் சட்டமே பொதுச் சட்டத்தைவிட மெலிந்துபோன கதையை நினைவில் வைத்தால் அந்த ஒரு வரியின் அவசியம் புரியும்.

இன்னொன்று, மேலவளவிலிருந்து. வன்கொடுமைச் சட்டம் 15ஏ(5), ஜாமீன் முதல் விடுதலை, பரோல் வரை பாதிக்கப்பட்டவரைக் கேட்க வேண்டும் என்கிறது. நோட்டீஸ் இல்லாமல் கொடுத்த ஜாமீனை 2021-இல் உச்ச நீதிமன்றம் ரத்தும் செய்திருக்கிறது. தலைவர்கள் பிறந்தநாளுக்காக அரசு போடும் முன்விடுதலை உத்தரவு நீதிமன்ற நடவடிக்கை இல்லை என்பதால் இந்தப் பிரிவில் அடங்காமல் நழுவிவிடுகிறது. விடுதலைப் பட்டியல் தயாராவதற்கு முப்பது நாள் முன்பு குடும்பத்துக்குத் தமிழில் எழுத்து நோட்டீஸ், அவர்கள் சொல்வதைக் கோப்பில் பதிந்து காரணத்தோடு பதில் என்று புதுச் சட்டத்திலேயே சேர்க்கச் சொல்லலாம்.

கடைசியாக ஒரு சின்ன வேலை, சட்டத் திருத்தம் எதுவும் தேவைப்படாதது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்பது வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 17-ஆம் விதி. மதுரை, சிவகங்கை, விருதுநகர், தேனி ஆட்சியர் அலுவலகங்களில் தகவல் உரிமை மனு போட்டு, கடைசி எட்டுக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பு, 60 நாள் கடந்த வழக்குகளின் எண்ணிக்கை, 4-ஆம் பிரிவில் நிர்வாக விசாரணைக்குப் போன அதிகாரிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் வாங்கி மனுவோடு இணைக்க வேண்டும். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், முப்பது நாள் காத்திருப்பு.